பன்னிரண்டு கிலோபாஸ்கல்

கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட் தாண்டினால்
ஆனி மாதம் முழுக்க டிராக்டர் வரிசை.
கிளிமூக்கு மாங்காய் ஏற்றிக்கொண்டு
கூழ் ஆலை வாசலில் இரண்டு இரவு,
சில சமயம் மூன்று.
எடைமேடைக் கூண்டுக்குள் என் தம்பி தேசிங்கு
சக்கர நாற்காலியில் இருந்தபடி ரசீது போடுகிறான்,
பாதி தெலுங்கில், பாதி தமிழில்,
வசவு மட்டும் இரண்டிலும் முழுதாக.

எனக்குக் காட்பாடிக்கு ஆறரை மணி பஸ்.
ஆய்வுக்கூடத்தில் என் வேலை
தசைக்குள் தூங்கும் ஒரு வகைச் செல்லை
அதன் தூக்கம் கலையாமல் பெருக்குவது.
ஞாயிற்றுக்கிழமையும் போய் உணவு மாற்றுவேன்,
கைக்குழந்தைக்காரிபோல.
கலைந்தால் அது வெறிபிடித்துப் பெருகும்,
பெருகியதில் தான் யாரென்று மறந்துபோகும்.
மறந்ததை ஊசியில் ஏற்றி
நோயுற்ற எலியின் காலில் விட்டால்
மூன்றாம் நாள் நூற்றுக்கு நாலு மிஞ்சும்.
ஐந்து வருடம் அந்த நாலைத்தான்
எண்ணிக்கொண்டிருந்தோம்.

நிதி கொடுக்க வருகிறவர்களிடம்
ஜெபக்கனி மேடம் சொல்வார்,
நாற்றுப் பறித்து நடுவதுபோல என்று.
அவர் நட்டதில்லை. நானும்தான்.
தேசிங்கு கேட்டான்:
"நெருப்புப் பிடிச்ச கழனியில எவன் நடுவான்?"

சரியாகத்தான் கேட்டான்.
அவன் தசை தன்னைத்தானே எரித்து
எரிந்த இடத்தை நாரால் தைத்துக்கொள்கிறது.
ஏழு வயதில் தரையிலிருந்து எழ
தன் முழங்காலில் கைவைத்து, பிறகு தொடையில்,
தன்னையே ஏணியாக்கி ஏறினான்.
கெண்டைக்கால் மட்டும் உருண்டு திரண்டிருந்தது.
ஓட்டக்காரன் கால் என்று
பி.டி. மாஸ்டர் தட்டிக்கொடுத்தார்.

பிசகு எங்கே என்று போன தையில் தெரிந்தது.
வளர்க்கிற தட்டு.
பிளாஸ்டிக், செல்லுக்குக் கருங்கல் தரை.
எலும்பை விட்டால் உடம்பில் அத்தனை கடினம் ஏது?
மெத்தை கேட்கவில்லை அது.
பிறந்த இடத்தின் அழுத்தம் கேட்டது.
கூழ்மம் காய்ச்சினோம்.
இரண்டில் மிதந்தது. ஐம்பதில் முரடானது.
பன்னிரண்டு கிலோபாஸ்கலில்
சுருண்டு படுத்தது, தன் பெயரோடு.

நேற்று வெட்டுத்துண்டைப் பார்த்தேன்.
இருட்டில் பச்சைப் புள்ளிகள்.
முப்பத்தொன்று.
கண்ணாடி மாறிவிட்டதோ என்று
ஓரத்து எழுத்தைச் சரிபார்த்து மறுபடி எண்ணினேன்.
முப்பத்தொன்று.
அந்த எலி கம்பியைப் பிடித்துத் தொங்கியது,
பதினொரு நொடி கூடுதலாக.
எலி. பதினொரு நொடி.

பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்,
எந்தச் சொல்லில் எவ்வளவு வைக்கலாம் என்று.
அவனுக்கு இருபத்திரண்டு.
இதயமும் தசைதான்.
என் பைக்குள் ஓர் உறையும் இருக்கிறது.
அம்மாவிடமிருந்து அந்தப் பிழை
எனக்கும் இறங்கியிருக்கிறதா என்று எழுதியிருப்பார்கள்.
வைகாசியில் தந்தது. பசை பிரிக்கவில்லை.

கூண்டில் வைத்துச் சொன்னேன்.
ஒரு ரசீது கிழித்தான். இன்னொன்று கிழித்தான்.
"பன்னண்டுன்னா எவ்ளோ? கையில காட்டு."

கூழ்மத்தை வெளியே கொண்டுவர விடமாட்டார்கள்.
மாங்காய்க் குவியலில் கட்டைவிரலால் தேடினேன்.
காய், எலும்பு.
செங்காய், அவன் கெண்டைக்கால்.
ஆலை எடுக்கிற பதமும் அதற்குக் கல்தான்.
கடைசியில் கழித்துக்கட்டிய கூடையில்
தோல் சுருங்கி, ஈ மொய்த்த ஒன்று
விரலுக்கு உள்வாங்கி
மெல்லத் திரும்பி வந்தது.

"இதுவாக்கா? இத நாங்க எடையிலயே சேர்க்க மாட்டோம்."
"இதுதான்டா."

அவன் வலதுகையில் இப்போது
மூன்று விரல்தான் சொன்னபடி கேட்கும்.
மூன்றாலும் பிடித்துக்கொண்டான்.
வெளியே ஹாரன். அடுத்த வண்டி மேடையேறியது.
"எத்தன டன்னுன்னு நீயே பார்த்து எழுது," என்றான்,
பழத்தைக் கீழே வைக்காமல்.